புழு கடிக்காத செடிகள்

ஆம்பூர்
12.6.1995

மதிப்பிற்குரிய பேராசிரியர் இன்பசேகரன் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். 'மதிப்பிற்குரிய' என்பதைப் பழக்கதோஷத்தில் எழுதிவிட்டேன். அடித்தால் தாள் அசிங்கமாகிவிடும். அதனால் இருந்துவிட்டுப் போகட்டும்.

நான் விரிஞ்சிபுரம் பாரதி. உங்களிடம் ஆராய்ச்சி மாணவியாக இருந்து, போன வருடம் வெளியே தள்ளப்பட்டவள். உங்கள் ஞாபகத்தில் இருக்கிறேனோ இல்லையோ, உங்கள் கடிதத்தில் இருக்கிறேன். பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு மனுப் போட்டிருந்தேன். கூப்பிட்டார்கள், டீ கொடுத்தார்கள், நன்றாகத்தான் பேசினார்கள். பிறகு ஒருவர் பல்கலைக்கழகத்திலிருந்து வரவழைத்த ஒரு நகலை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "இம்மாணவி ஐந்தாம் தொகுதியின் முடிவுகளைப் புனைந்து எழுதினார்." உங்கள் கையெழுத்து. டீயைக்கூட முடிக்க விடாமல் அனுப்பிவிட்டார்கள்.

நான் என்ன புனைந்தேன் ஐயா? உங்கள் வாயால் பாடம் கேட்டதைத்தான் செய்தேன். தக்காளிச் செடியின் ஓர் இலையைப் புழு கடித்தால் செடி உள்ளுக்குள் ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. அது போய்ச் சொன்னதும் கடிபடாத இலைகள்கூட முன்கூட்டியே ஒரு பொருளைத் தயார் செய்துகொள்கின்றன. அதற்குப் பிறகு புழு வயிறு நிறையத் தின்னும், ஆனால் செரிக்காது. சோறு சோறாகத் தின்று எலும்பும் தோலுமாகப் போகும். இதை அளந்து காட்டுவதுதான் என் வேலை. ஒப்பிடுவதற்குப் புழுவே படாத கன்ட்ரோல் செடிகள். அவற்றில் அந்தப் பொருள் இருக்கக் கூடாது.

ஒரு தடவைக்கு ஒரு தொகுதிச் செடிகள் என்று ஆறு தடவை செய்தேன். முதல் நான்கு தொகுதியிலும் இருந்தது. புழுவின் நிழல்கூடப் படாத செடி, புழு வந்த மாதிரி கவசம் போட்டுக்கொண்டு நின்றது. "கை சுத்தமில்லை" என்று திட்டினீர்கள். ஐந்தாவதில் கன்ட்ரோல் சுத்தமாக வந்தது. "திட்டுக்குப் பயந்து புளுகிவிட்டாய்" என்றீர்கள். ஆறாவதில் பழையபடி கெட்டது. அத்தோடு என் படிப்புக்கும் முழுக்குப் போட்டீர்கள்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. அந்த வரியை வாபஸ் வாங்குங்கள். மந்தபுத்தி என்று எழுதுங்கள், கவனமில்லாதவள் என்று எழுதுங்கள், சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன். பொய்க்காரி என்று மட்டும் எழுதாதீர்கள்.

வீட்டில் கிரேஸி அக்காவை விசாரித்ததாகச் சொல்லவும்.

பாரதி

வேலூர்
21.6.1995

பாரதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தி, ஒரு நகலை என் கோப்பில் வைத்துக்கொண்டு, இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மூன்று வருடம் என்னிடம் படித்தும் ஒற்று எங்கே மிகும் என்று தெரியவில்லை. ஹார்மோன் எங்கே மிகும் என்று உனக்குத் தெரியாமல் போனதில் வியப்பில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஆறு தொகுதிகளில் ஐந்து கெட்டு ஒன்று மட்டும் பளிங்கு மாதிரி வந்தால், அந்த ஒன்றுக்குக் காரணம் சொல்ல வேண்டியது நீ. எப்படி வந்தது என்று கேட்டால், "தெரியல சார், வந்துச்சு" என்றாய். தெரியாமல் வருவது ஜலதோஷம்தான். அறிவியல் முடிவு அப்படி வருவதில்லை.

நீ ஒரு ஷூ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருப்பதாக நமது உதவியாளர் பச்சையப்பன் சொன்னார். பொருத்தமான இடம். அங்கே தோலில் குரோமியம் எவ்வளவு என்று பார்த்து எழுதினால் போதும். யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

கடிதத்தை வாபஸ் வாங்கும் பழக்கம் எனக்கு இல்லை.

அ. இன்பசேகரன்

ஆம்பூர்
9.8.1995

ஐயா,

நீங்கள் திருத்திய கடிதத்தை ஃபேக்டரி லேபில் எல்லோருக்கும் காட்டினேன். சிரித்தார்கள். ஒருவர் மட்டும், "இவரு வீட்ல சாப்பாட்டுலயும் சிவப்பு மையில கோடு போடுவாரா?" என்று கேட்டார். கிரேஸி அக்காவின் சமையலை நீங்கள் ஒருநாளும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை என்பது எனக்குத் தெரியும்.

ஆனால் உங்கள் பேச்சில் ஒரு நியாயம் இருந்தது. ஐந்தாம் தொகுதிக்குக் காரணம் சொல்ல வேண்டியது நான்தான். அன்றைக்குத் தெரியவில்லை. இன்றைக்குத் தெரிகிறது. நீங்கள் ஏளனம் செய்யும் ஷூ கம்பெனிதான் காட்டியது.

இங்கே வேலைக்கு வரும் பெண்கள் பூ வைத்துக்கொண்டு உள்ளே போகக் கூடாது. ஒருதரம் வெள்ளை ஷூவுக்குள்ளே பசையில் ஒரு மல்லிகை இதழ் ஒட்டிக்கொண்டு கப்பலேறிப் போய், அங்கே வாங்குகிறவன் பெட்டியோடு திருப்பிவிட்டானாம். அதிலிருந்து கேட்டில் ஒரு சின்ன ரூம், சுவர் முழுக்க ஆணி. காலையில் ஆளுக்கொரு ஆணியில் பூவை மாட்டிவிட்டு, சாயந்தரம் எடுத்து வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறோம். கேட்டில் நிற்கிற அஜீஸுன்னிசா அக்கா ஒரு பிடி பிடிப்பார்கள். "பூ இங்க, ஆளு உள்ள. பேஜார் பண்ணாத."

போன வாரம் மழை. ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தார்கள். சாயந்தரம் கதவைத் திறந்ததும் அந்த வாசனை மூஞ்சியில் அடித்தது. தோல் நாற்றத்தையும் பாலாற்று நுரையின் நாற்றத்தையும் நாள் முழுக்க முகர்ந்த மூக்குக்கே தலை சுற்றியது. அதே வாசனையை நான் முன்னால் ஓர் இடத்தில் முகர்ந்திருக்கிறேன். வெள்ளை ஈ வரக் கூடாது என்று நான்கு பக்கமும் பாலிதீன் ஒட்டி மூடிய உங்கள் செடியறையில். என் தலையிலிருந்தே வந்த வாசனை.

ஐயா, அந்த ஹார்மோனின் ஆவியாகும் வடிவம் முதன்முதலில் எதிலே கிடைத்தது என்று நீங்கள்தான் கரும்பலகையில் எழுதினீர்கள். ஜாதிமல்லிப் பூவின் வாசனையில். அது காற்றில் வந்தாலே பக்கத்துச் செடி ஏமாந்து கவசம் போட்டுக்கொள்ளும் என்று அமெரிக்காவில் கண்டுபிடித்ததையும் நீங்கள்தான் சொன்னீர்கள். அங்கே யாரோ ஒரு காட்டுப் புதரை வைத்துச் செய்தார்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனீர்கள். நான் முதல் பெஞ்சில் உட்கார்ந்து, தலை நிறைய ஜாதிமல்லியோடு, மாங்கு மாங்கென்று எழுதிக்கொண்டிருந்தேன். சொன்ன உங்களுக்கும் உறைக்கவில்லை, கேட்ட எனக்கும் உறைக்கவில்லை. இரண்டு மக்குகள் சேர்ந்து மூன்று வருடம் ஆராய்ச்சி செய்திருக்கிறோம்.

இப்போது ஐந்தாம் தொகுதி. அந்தச் சமயத்தில்தான் எங்கள் அப்பா இறந்துபோனார். கருமாதி முடியும்வரை வீட்டில் யாரும் பூ வைக்கவில்லை. புழு பொரித்துவிட்டது, விட்டால் தொகுதியே வீணாகும் என்று, அம்மா திட்டத் திட்ட, அடக்கம் முடிந்த மறுநாளே காட்பாடி வண்டி பிடித்து வந்தேன். தலையில் பூ இல்லை. கன்ட்ரோல் சுத்தமாக வந்தது. நான் கொடுத்த லீவ் லெட்டரில் அப்பா இறந்ததை எழுதியிருந்தேன். நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள். படிக்கவில்லை என்பது, அந்த வாரமே நீங்கள் என்னைப் பொய்க்காரி என்றபோது தெரிந்தது.

சரி பார்ப்பது சுலபம். அறையில் ஒரு தட்டுச் செடியோடு ஜாதிமல்லிச் சரம் ஒன்றை வைத்து மூடுங்கள். வேறு அறையில் பூ இல்லாமல் இன்னொரு தட்டு. பார்த்துவிட்டு அந்த வரியை எடுங்கள்.

கிரேஸி அக்காவுக்கு என் அன்பு.

பாரதி

வேலூர்
19.8.1995

பாரதிக்கு,

உன் கடிதத்தைப் படித்து முடித்தபோது, பரவாயில்லை, கதை எழுதப் போயிருக்கலாம் என்று தோன்றியது. உன் தகப்பனார் மறைவுக்கு வருந்துகிறேன். அதை ஓர் ஆதாரமாக நீட்டுவாய் என்று எதிர்பார்க்கவில்லை.

முதல் விஷயம். நீ சொல்வது உண்மையென்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் குற்றவாளி யார்? ஆராய்ச்சிக்கூடத்துக்குத் திருவிழாவுக்குப் போவது போலச் சிங்காரித்துக்கொண்டு வந்தவள் நீ. எங்கள் வீட்டில் பெண்கள் பூ வைப்பதில்லை. என் தகப்பனார் காலத்து ஒழுங்கு, இன்றுவரை என் மனைவியும் அதைத் தவறாமல் காப்பாற்றுகிறாள். அதை நீ உள்ளூரப் பத்தாம்பசலித்தனம் என்று நினைத்துச் சிரித்திருப்பாய். மார்க்கெட்டில் முழம் போட்டு வாங்கின பூ உன் பட்டத்தைத் தின்றுவிட்டது என்றால் நான் அழ வேண்டுமா?

இரண்டாவது விஷயம், அதுதான் முக்கியம். உன் இடத்தில் இப்போது ஜெஃப்ரி என்ற பையன் ஆராய்ச்சி செய்கிறான். தலையில் தேங்காய் எண்ணெய் தவிர வேறெதுவும் வைக்காதவன். பகலில் அவனைத் தவிர யாரும் அந்த அறைக்குள் போவதில்லை. அவனுடைய கன்ட்ரோல் செடிகளும் கெட்டுப்போகின்றன. ஒவ்வொரு தொகுதியும். பூ வைத்த பெண் யாரும் அங்கே இல்லை. பூவும் இல்லை. ஆகவே உன் ஜாதிமல்லிக் கதை அவிந்துவிட்டது. அதைவிடப் பெரிய விஷயம், அந்த அறையில் யார் செய்தாலும் கன்ட்ரோல் சுத்தமாக வருவதில்லை என்று ஆகிறது. உனக்கு மட்டும் ஒருதரம் எப்படி வந்தது? புனைந்தால்தான் வரும்.

இதற்குப் பதில் இருந்தால் எழுது. இல்லாவிட்டால் தபால்தலையை மிச்சம் பிடி.

அ. இன்பசேகரன்

ஆம்பூர்
3.9.1995

ஐயா,

உங்கள் கடிதத்தை ஷிஃப்ட் முடிந்து ஆணி ரூமில் நின்றபடியே படித்தேன். படித்த உடனே பதில் தெரிந்துவிட்டது. சொல்ல மாட்டேன்.

ஏன் சொல்ல மாட்டேன் என்பதையும் சொல்ல மாட்டேன். நீங்கள் இதை வைத்து, "பார், வாயடைத்துப் போனாள்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்ளலாம். பொய்க்காரி என்ற அந்த வரி அங்கேயே இருக்கட்டும். நான் குரோமியம் பார்த்துப் பிழைத்துக்கொள்வேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தச் செடியறை உங்கள் வீட்டுக் காம்பவுண்டில்தான் இருக்கிறது. சமையலறை ஜன்னலிலிருந்து கல் எறிந்தால் விழும். நான் இருந்த காலத்தில் அதற்குள் நீங்கள் ஒருதரமாவது வந்ததுண்டா? வியர்க்கும் என்பீர்கள். எண்கள் உங்கள் மேஜைக்கு வரும், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அதைப் படிப்பீர்கள். செடியைப் பார்க்காமலே செடியைப் பற்றித் தெரியும் உங்களுக்கு. மனுஷரைப் பற்றியும் அப்படித்தான்.

ஒரு புழு ஓர் இலையைக் கடித்தால் செடி முழுக்கக் கசந்துபோகும் என்று பாடம் நடத்தினீர்கள். நீங்கள் கடித்ததில் நான் முழுக்கக் கசந்துபோய்விட்டேன். அந்த வகையில் உங்கள் ஆராய்ச்சி வெற்றி.

இனி எழுத மாட்டேன்.

பாரதி

வேலூர்
28.10.1995

பாரதிக்கு,

இனி எழுத மாட்டேன் என்று நீ சொன்னதை நான் மதிக்கவில்லை. பதில் எழுத வேண்டியிருக்கிறது.

நீ வாயாடி. எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பாய். அப்படிப்பட்டவள் பதில் தெரியும், சொல்ல மாட்டேன் என்றால் எனக்கு அது உறுத்தியது. கடிதங்களை எடுத்து மறுபடி படித்தேன். முதல் இரண்டிலும் கிரேஸியை விசாரித்திருக்கிறாய். மூன்றாவதில் அவள் பெயரே இல்லை. மாணவர்களின் விடைத்தாளில் எழுதாமல் விட்ட இடத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

மறுநாள் சனிக்கிழமை. பச்சையப்பன் சாவியைக் கொடுத்துவிட்டுப் போன பிறகு சாயந்தரம் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது கிரேஸி என்பது எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் காலை ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து செய்வாள். அது வேலை என்று நினைத்திருந்தேன். நான் உள்ளே போனேன். வியர்த்தது.

அவள் தக்காளித் தட்டுகளுக்கு நடுவே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். தலையில் கை அகலத்துக்கு ஜாதிமல்லி. எழுந்திருக்கவில்லை. எழுந்திருப்பாள் என்று சிறிது நேரம் நின்றேன். இது என்ன என்று கேட்டேன்.

"இங்க நீங்க வர்றதில்லையே. அதான் இங்க வச்சிக்கிறேன்" என்றாள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். நான் கேட்காததையும் சொன்னாள். எங்கள் குளியலறைக்குப் பின்னால் படர்ந்திருக்கும் கொடியின் பூ அவளுடைய ஆஸ்பத்திரி வார்டுக்குப் போகிறது என்று நினைத்திருந்தேன். அது மூன்று வருடமாக உன் தலைக்குப் போயிருக்கிறது. தினமும் காலையில் கட்டி, வேலிப் பக்கம் வைத்து உனக்குக் கொடுத்திருக்கிறாள். உனக்கு வைத்துப் பார்த்தால் தனக்கே வைத்த மாதிரி இருந்ததாம். நீ போன பிறகு கொடுக்க ஆளில்லை. பூ வீணாகிறதே என்று தானே வைத்துக்கொள்ள ஆரம்பித்திருக்கிறாள். அந்த அறையில் மட்டும். வீட்டுக்குள் வருமுன் எடுத்து அங்கேயே ஒரு செடியடியில் வைத்துவிட்டு, மூடிவிட்டு வருவாள். இரவெல்லாம் சரம் உள்ளே. ஜெஃப்ரி வருவதற்குள் காலையில் எடுத்துவிடுவாள்.

உன் கடிதங்களைப் பற்றிச் சொன்னேன். அதுவரை தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தவள் அப்போதுதான் கோபப்பட்டாள். "அந்தப் பொண்ணு எனக்காகத்தான் வாயத் தெறக்கல. எனக்கு நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். அவளுக்கு எழுதிக் குடுத்துடுங்க" என்றாள். இருபத்தைந்து வருடத்தில் என்னிடம் அவள் கேட்ட முதல் காரியம் இது. அதுவும் வேறொருத்திக்காக.

நான் ஒரு தொகுதி பார்க்காமல் எதையும் ஒப்புக்கொள்கிறவன் இல்லை. சாவியை நானே வைத்துக்கொண்டேன். தண்ணீரும் நானே ஊற்றினேன். கன்ட்ரோல் சுத்தமாக வந்துவிட்டது. வேறு அறையில் வைத்த தட்டில் ஒரு சரத்தைப் போட்டு மூடினேன். அது கெட்டது.

ஆகவே பல்கலைக்கழகத்துக்கு எழுதியிருக்கிறேன். நகல் இணைப்பில். 'புனைந்தார்' என்பதை நீக்கி, 'பரிசோதனையில் கவனக்குறைவு நேர்ந்தது' என்று மாற்றியிருக்கிறேன். உன் பதிவைப் புதுப்பிக்கவும் சம்மதம் தெரிவித்திருக்கிறேன். நீ திரும்பி வரலாம். ஒரே நிபந்தனை, காம்பவுண்டுக்குள் யார் தலையிலும் பூ இருக்கக் கூடாது. அறிவியல் காரணத்துக்காகச் சொல்கிறேன். அந்தக் கொடியையும் வெட்டச் சொன்னேன். பச்சையப்பன் போய்த் தேடியபோது அரிவாளைக் காணவில்லை. கிரேஸி ஒளித்துவைத்திருக்கிறாள். கேட்டால் பேசுவதில்லை. சாப்பாடு போடுகிறாள், பேசுவதில்லை.

இதில் நீ சந்தோஷப்பட எதுவும் இல்லை. வரும் தேதியைத் தெரிவி.

அ. இன்பசேகரன்

ஆம்பூர்
4.11.1995

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

இந்த முறையும் பழக்கதோஷம்தான்.

நகல் கிடைத்தது. 'கவனக்குறைவு நேர்ந்தது' என்று எழுதியிருக்கிறீர்கள். யாருக்கு நேர்ந்தது என்று எழுதவில்லை. மழை பெய்தது என்கிற மாதிரி இருக்கிறது. "வழிகாட்டி ஒருநாளும் பரிசோதனை அறையைப் பார்வையிடவில்லை" என்று இன்னொரு வரி சேர்த்து, நகல் ஒன்று பெங்களூருக்கும் அனுப்புங்கள். அங்கே நான் பாதியில் வைத்துவிட்டு வந்த டீ இன்னும் உறுத்துகிறது. எழுதிவிட்டு வாசித்துப் பாருங்கள். எழுத்துப் பிழை இருந்தால் நான் திருத்தி அனுப்புகிறேன்.

தண்ணீரை நீங்களே ஊற்றினீர்கள் என்று படித்தபோது லேபில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். காரணம் கேட்டார்கள். சொன்னால் யாரும் நம்பவில்லை.

நான் வருகிறேன். உங்களுக்காக இல்லை. அந்த ஐந்தாம் தொகுதி என்னுடையது. அப்பாவை மண்ணில் வைத்துவிட்டு வந்து நான் செய்தது. அதை என் பெயரில் முடித்துவிட்டுத்தான் மறுவேலை.

ஆனால் உங்கள் நிபந்தனையை ஏற்க மாட்டேன். செடியறைக்குள் பூ கூடாது, சரி. அதை எனக்கு ஷூ கம்பெனி சொல்லிக்கொடுத்துவிட்டது. காம்பவுண்டில் கூடாது என்பதற்கு அறிவியலில் இடமில்லை. உங்கள் தகப்பனாரின் ஒழுங்கை அறிவியல் என்ற பெயரில் என் தலையில் கட்டாதீர்கள். கொடி அங்கேயே இருக்க வேண்டும். அக்கா எதையும் எங்கே ஒளித்துவைப்பார்கள் என்று எனக்குத் தெரியும், அரிவாள் இருக்கும் இடத்தையும் சொல்ல மாட்டேன். அறைக்கும் கொடிக்கும் நடுவே காற்று ஓடுகிறது, போதாவிட்டால் அறையைத் தள்ளிக் கட்டுங்கள்.

13ஆம் தேதி திங்கட்கிழமை பாசஞ்சரில் வருகிறேன். அதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். பச்சையப்பனிடம் விடாமல் நீங்களே செய்யுங்கள். அறைக் கதவுக்கு வெளியே, சுவரில் ஆணி அடியுங்கள். உள்ளே போகுமுன் பூவை அதில் மாட்டுவோம். வெளியே வந்ததும் எடுத்து வைத்துக்கொள்வோம், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. அதன் பிறகு வீட்டுக்குள் போவோம்.

ஒரு ஆணி போதாது, இரண்டு அடியுங்கள். ஒன்றைக் கொஞ்சம் தாழ்வாக அடியுங்கள். கிரேஸி அக்கா என்னைவிடக் குள்ளம்.

பாரதி